இன்று பீக்கர் கழுவுவது யார் முறை?

கண்ணு,

ஃபெல்லோஷிப் கிடைத்துவிட்டது, கைடும் சரி என்று சொல்லிவிட்டார், ஜூலையில் பிஎச்.டி.க்குச் சேரப் போகிறாய் என்று உன் அப்பா போனில் சொன்னான். கழிமுகச் சேற்றிலும் மீன் குடலிலும் பிளாஸ்டிக் நுண்துகள் தேடுகிற குழுவாம். உன் அத்தை என் வேலைக்காலமும் அந்தச் சேற்றில்தான் கழிந்தது. அதனால் பிள்ளைக்கு ஏதாவது எழுதிக்கொடு என்றான். பிப்பெட் பிடிப்பதையும் வலை இழுப்பதையும் நான் எழுதப் போவதில்லை. அதையெல்லாம் உன் சீனியர் ஒரு மத்தியானத்தில் சொல்லிக்கொடுத்துவிடுவாள்.

நேர்மை, மரியாதை, பகிர்வு, அக்கறை என்று இப்போது ஏறக்குறைய எல்லா லேப் சுவரிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கிறார்கள். தாளில் குற்றம் ஒன்றும் இல்லை. அதில் உள்ள ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கிழமை, ஓர் ஆள், நோட்டில் ஒரு பக்கம் என்று ஒதுக்குகிறவரை அது சுவரிலேயே இருக்கும், அவ்வளவுதான். நான் இருந்த குழுக்கள் இதை அடிபட்டு, தாமதமாகப் புரிந்துகொண்டன. உனக்கு அந்தத் தாமதம் வேண்டாம்.

1. முதல் மாதம் வாயை மூடிக்கொண்டு, பீக்கர் யார் கழுவுகிறார்கள் என்று பார். ஃப்ரிட்ஜில் உறைந்த பனியை யார் சுரண்டுகிறார்கள், காலாவதியான கெமிக்கலை யார் கணக்கெடுக்கிறார்கள், மூன்று கொட்டேஷன் வாங்க யார் அலைகிறார்கள், விருந்தாளி வந்தால் டீ சொல்ல யார் எழுந்து போகிறார்கள் என்றும் பார். நாங்கள் இருந்த ஒரு லேபில் இதெல்லாம் பெண்பிள்ளைகள் தலையிலும், இங்கிலீஷ் சரளமாக வராத ஒரு கிராமத்துப் பையன் தலையிலும் விழுந்தது. யாரும் உத்தரவு போடவில்லை. தானாக அப்படிப் படிந்துவிட்டது. சமத்துவம் என்ற சொல் அந்தச் சுவரிலும் இருந்தது! பிறகு ஒரு சீனியர் அக்கா முறைப்பட்டியல் எழுதி, வியாழக்கிழமைக்கு நேரே கைடின் பெயரையும் போட்டுவிட்டாள். எல்லோருக்கும் வயிற்றைக் கலக்கியது. மனுஷர் சிரித்துக்கொண்டே வந்து நின்றார். வந்த முதல் வியாழனே அமிலத் தொட்டிக்குப் பக்கத்தில் ஒழுங்கான கையுறை இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. மாதக்கணக்காக நாங்கள் கேட்டுக்கொண்டிருந்த கையுறை மறுநாள் வந்துவிட்டது.

2. உனக்கென்று வளையாத சில விஷயங்கள் இருக்கும். அவற்றை முதலிலேயே சொல்லிவிடு. எங்களோடு ஒரு பெண் இருந்தாள், பிறந்ததிலிருந்து சைவம். மீன் வயிற்றைக் கீறும் வேலை என்று தெரிந்துதான் வந்தாள், பழகிவிடும் என்று நினைத்தாள். பழகவில்லை. ஒரு பருவம் முழுக்க யாரிடமும் சொல்லாமல் வாந்தி எடுத்துக்கொண்டு வேலை செய்தாள். அவளுடைய ரீடிங்குகளும் கெட்டன. கடைசியில் விஷயம் வெளியே வந்தபோது தீர்வுக்கு அரைமணி நேரம்கூட ஆகவில்லை. துகள் என்ன பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கும் எஃப்.டி.ஐ.ஆர். கருவி அவள் பொறுப்புக்குப் போனது. அந்த வேலையில் அவளுக்கு ஈடாக அங்கே யாரும் இல்லை என்று ஆயிற்று. நோன்பு மாதத்தில் நடுப்பகலில் படகுப் பயணம் போட வேண்டாம் என்று ஒரு தம்பி கேட்டதும் இப்படித்தான், கேட்டதும் நடந்தது.

ஆனால் ஒன்று. உன்னளவில் நீ வைத்துக்கொள்ளும் நெறி வேறு, அடுத்தவர்மேல் நீ போடும் நெறி வேறு. நான் மீன் அறுக்க மாட்டேன் என்று அவள் சொல்லலாம். மதியச் சாப்பாட்டுக்கு யாரும் மீன்குழம்பு கொண்டுவரக் கூடாது என்று சொல்ல முடியாது. சொல்லவும் இல்லை. நல்ல மனசுக்காரர்கள் பலர் சறுக்கும் இடம் இது.

3. நேர்மை எங்கே குடியிருக்கிறது என்று என்னைக் கேட்டால், ப்ளாங்க்கில் என்பேன். மீன் குடலைப் பத்து சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடில் கரைத்து, வடிகட்டி, நுண்ணோக்கியில் துகள் எண்ணுவாய். அதே நாளில் அதே கரைசலைக் குடல் எதுவும் போடாத ஒரு பீக்கரிலும் ஊற்றி, அதே வழியெல்லாம் கொண்டுபோக வேண்டும். அதுதான் ப்ளாங்க். காற்றிலிருந்து, உடுப்பிலிருந்து, தண்ணீரிலிருந்து வந்து விழுந்தவை எத்தனை என்று அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரு சமயம் எங்கள் வடிதாள்களில் நீல இழை நீல இழையாக வந்தது. கழிமுகத்தில் வலைக்கயிறு நைந்து கலக்கிறது என்று கட்டுரைக்குத் தலைப்புவரை யோசித்துவிட்டார்கள். ப்ளாங்க் தாளை யாரும் எண்ணவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று பெட்ரி தட்டில் மூடி வைத்திருந்தார்கள். ஒருநாள் சாயங்காலம் ஒரு முதலாண்டுப் பெண் சும்மா அதை எடுத்து லென்ஸின் கீழே வைத்தாள். அதே நீலம், அதே பருமன், அதே சுருள். திரும்பிப் பார்த்தால் எண்ணிக்கொண்டிருந்த சீனியர் போட்டிருந்தது நீலப் பாலியெஸ்டர் சுடிதார். மேசை ஓரத்தில் உரசி உரசி அதன் கைமுனை பஞ்சு பஞ்சாக நின்றது.

இதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்கு நான் சொல்ல வேண்டியது. அறையில் ஒருவர் சொன்னார்: "ப்ளாங்க்கை மட்டும் இன்னொரு தடவை ஓட்டிப் பாருங்க." கெட்ட மனிதர் இல்லை. பல மாத உழைப்பு போகிறதே என்ற பதைப்பில் வந்த பேச்சு. சாம்பிளை அப்படியே விட்டுவிட்டு, ப்ளாங்க் சுத்தமாக வரும்வரை ப்ளாங்க்கை மட்டும் ஓட்டினால் ஒருநாள் அது சுத்தமாக வந்துவிடும். அறையில் பொய்யர் என்று ஒருவரும் இருக்க மாட்டார். பொய் மட்டும் அச்சாகி வெளியே போயிருக்கும். அன்று கைடு எழுந்து அந்தத் தொகுதி முழுவதையும் ஓரங்கட்டச் சொன்னார். அதற்குப் பிறகு வழக்கம் மாறியது. ப்ளாங்க்கை முதலில் எண்ண வேண்டும், சாம்பிள் எண்ணாத இன்னொருவர் எண்ண வேண்டும், எண்ணை மையால் எழுதி முடித்த பிறகுதான் சாம்பிள் தட்டைத் திறக்க வேண்டும். எல்லோருக்கும் ஆரஞ்சு நிறப் பருத்திக் கோட்டும் வந்தது. இழை உதிர்ந்தாலும் அது நம்முடையது என்று பார்த்ததும் தெரிந்துவிடும். இப்படி ஒரு கோட்டைத் தைத்துப் போட்ட பிறகு நேர்மை பற்றித் தனியாகக் கூட்டம் போட வேண்டிய அவசியம் எங்களுக்கு வரவில்லை.

4. நோட்டில் அன்றைக்கு நடந்ததை அன்றைக்கே எழுது. தப்பான எண்ணின்மேல் ஒற்றைக் கோடு போடு. கிறுக்கி மறைக்காதே, தாளைக் கிழிக்காதே. ஃப்ரான்செஸ் அர்னால்டை உனக்குத் தெரிந்திருக்கும், 2018-இல் வேதியியல் நோபல் வாங்கியவர். நொதிகளைப் பற்றி 2019-இல் அவர் குழு வெளியிட்ட ஒரு கட்டுரையின் முடிவுகள் திரும்பச் செய்தபோது வரவில்லை. முதல் ஆசிரியரின் நோட்டைப் புரட்டினார்கள். முக்கியமான சோதனைகளுக்கு அந்தந்த நாளின் பதிவும் இல்லை, மூலத் தரவும் இல்லை. 2020 ஜனவரியில் கட்டுரையைத் திரும்பப் பெற்றார் அர்னால்டு. அந்த வருடத்தில் வேலை பற்றித் தான் தரும் முதல் தகவலே இதுதான் என்று ஊரறியச் சொல்லி, கட்டுரையை அனுப்பிய சமயத்தில் வேறு வேலைகளில் மூழ்கிவிட்டேன், என் வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று மன்னிப்பும் கேட்டார். அந்த மன்னிப்பில் யாரையும் காட்டிக் கை நீட்டவில்லை. தலைமையில் இருப்பவர் இப்படி நடந்துகொண்டால் அந்த லேபில் நூறு பேருக்கு அது பாடம். உன் கைடு அப்படிப்பட்டவரா என்பது இப்போது தெரியாது. உன் நோட்டு எப்படி இருக்கும் என்பது உன் கையில்.

5. பெயர் விஷயத்தைச் சோதனை தொடங்கும் முன்பே பேசிவிடு. கட்டுரை தயாரான பிறகு பேசினால் சண்டைதான். யார் முதல், யார் கடைசி, யாருக்கு நன்றி மட்டும் என்பதை ஒரு தாளில் எழுதி, வேலை மாறும்போது தாளையும் மாற்றிக்கொள்ளுங்கள். ப்ராஜெக்ட் அசிஸ்டென்டாக ஒரு பையன் எங்களோடு இருந்தான். மழைக்காலம் முழுக்க இடுப்பளவு சேற்றில் நின்று சாம்பிள் எடுத்தவன் அவன்தான். திட்டக் காலம் முடிந்து ஊருக்குப் போனான். கட்டுரை வந்தபோது அவன் பெயர் இல்லை. யாரும் வேண்டுமென்று எடுக்கவில்லை. பட்டியல் போட்ட அன்று அவன் அறையில் இல்லை, அதுதான் காரணம். இல்லாதவன் பெயர் தானாக வராது. யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டும். அந்த யாராவது நீயாக இரு.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில், மெமோரியல் பல்கலைக்கழகத்தில், மாக்ஸ் லிபொய்ரன் நடத்தும் ஒரு லேப் இருக்கிறது. சுருக்கமாக க்ளியர் என்பார்கள். உங்களைப் போலவே மீன் குடலில் பிளாஸ்டிக் தேடுகிறவர்கள். யார் பெயர் எங்கே என்பதைக் கூடி உட்கார்ந்து, எல்லோரும் ஒப்பும்வரை பேசித் தீர்மானிக்கிறார்கள். விஞ்ஞானம் வழக்கமாகக் கணக்கில் எடுக்காத பராமரிப்பு வேலைகளும் அங்கே கணக்கில் வருகின்றன. யார் ஏற்கெனவே வசதியான இடத்தில் இருக்கிறார், யாருக்கு இந்தப் பெயர் வாழ்வைத் திருப்பும் என்பதையும் பார்க்கிறார்கள். இந்த முறையைப் பற்றி 2017-இல் ஒரு கட்டுரையே எழுதினார்கள். நம் ஊரில் இது முழுதாக நடக்கும் என்று உனக்கு ஆசை காட்ட மாட்டேன். துறைத்தலைவர் பெயரைச் சும்மா சேர்க்கும் பழக்கத்தை ஒரு முதலாண்டு ஸ்காலரால் நிறுத்த முடியாது. ஆனால் யார் என்ன செய்தார் என்ற பங்களிப்புக் குறிப்பை இப்போது பல இதழ்கள் கேட்கின்றன. அதற்கென 14 வகைப் பங்குகள் கொண்ட ஒரு பட்டியலும் புழக்கத்தில் இருக்கிறது. அந்தக் குறிப்பை முதலில் எழுதும் வேலையை நீயே கேட்டு வாங்கிக்கொள். ஒன்றும் செய்யாதவருக்கு அந்தக் கட்டத்தில் எழுத ஒன்றும் இருக்காது.

ஒழுங்காகப் பெயர் போட்டாலும் உலகம் ஒழுங்காக நினைவில் வைக்கும் என்று சொல்ல முடியாது. ராமன் விளைவைப் பற்றி 1928 மார்ச் 31 நேச்சர் இதழில் வந்த குறிப்பில் சி.வி. ராமன் பெயருக்குப் பக்கத்தில் வத்திராயிருப்புக்காரர் கே.எஸ். கிருஷ்ணன் பெயரும் இருக்கிறது. 1930-இல் நோபல் ஒருவருக்குத்தான். தெருவில் நின்று கேட்டுப் பார், கிருஷ்ணனை எத்தனை பேர் சொல்கிறார்கள் என்று. அதற்காகப் பெயர் போடாமல் விட முடியுமா?

6. கரையில் உள்ளவர்கள் உன் ஆய்வுக்கு வெளியே இல்லை. ஜி.பி.எஸ். புள்ளியைக் காட்டி, இங்கேதான் எடுக்க வேண்டும் என்று எங்கள் குழு அடம்பிடித்த ஒரு நாள், படகோட்டி அண்ணன் துடுப்பை ஊன்றி நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இந்த இடம் போன வருஷம் வாய்க்கால். மழைக்கப்புறம் முகம் வடக்கே தள்ளிடுச்சு. இப்ப இது செத்த தண்ணி." எண்ணிக்கை திடீரென்று ஏன் ஏறியது என்று மண்டையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம், விடை அந்த மூன்று வாக்கியத்தில் இருந்தது. முதல் வரைவில் அவர் "உள்ளூர்ப் படகோட்டி" என்று நன்றியில் ஒரு மூலையில் நின்றார். பிறகு செய்முறைப் பகுதியிலேயே, முகத்துவாரம் நகர்ந்ததைச் சொன்னவர் இவர் என்று எழுதினோம். பெயர் போடலாமா என்று கேட்டபோது தன் பெயரோடு படகின் பெயரையும் போடச் சொன்னார். போட்டோம்.

அகத்தியமலைக் காணிக்காரர்களின் கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். 1987-இல் விஞ்ஞானிகளுக்கு வழிகாட்டிக்கொண்டு மலை ஏறிய காணிகள் ஒரு பழத்தை வாயில் போட்டுக்கொண்டு களைப்பில்லாமல் நடந்தார்கள். அது என்ன என்று கேட்டபோது முதலில் சொல்லத் தயங்கினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரத்துத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதை வைத்து 'ஜீவனி' என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்கு 10 லட்ச ரூபாய்க்கு உரிமம் கொடுத்தது. அந்தக் கட்டணத்திலும் ராயல்டியிலும் பாதி காணிகளுக்கு என்று முடிவாகி, 1997-இல் அவர்களுக்கு ஓர் அறக்கட்டளையும் பதிவானது. உலகம் முழுக்க இதை முன்மாதிரி என்று பேசினார்கள். ஆனால் காணிகளில் ஒரு பகுதியினர், குறிப்பாக அவர்களுடைய வைத்தியர்கள், எங்களைக் கேட்காமல் எங்கள் அறிவை விற்றீர்களே என்று எதிர்த்தார்கள். பங்கு கொடுப்பது ஒன்று, கேட்பது ஒன்று. முதலாவதைச் செய்தால் இரண்டாவது தானாக நடந்துவிடாது.

உங்கள் துறையில் இது இன்னும் கூர்மையானது. "மீனில் பிளாஸ்டிக்" என்று ஒரு நாள் பேப்பரில் தலைப்பு வந்தால் மறுநாள் காலை கூடை இறக்கிய அக்காக்கள் என்ன செய்வார்கள்? எங்கள் ஊர்ப்பக்கம் ஒரு முறை அப்படி வந்தது. ஆய்வில் பார்த்தது குடலை மட்டும். பெரிய மீனில் குடலை யாரும் தின்பதில்லை, கழித்துத்தான் விற்கிறார்கள். நெத்திலிக் கருவாடு வேறு கதை, அது குடலோடு காய்வது. இந்த வித்தியாசம் செய்தியில் ஒரு வரியாகக்கூட வரவில்லை. பல நாள் சந்தை படுத்துவிட்டது. அதன்பின் எங்கள் குழு ஒரு வழக்கம் வைத்தது: முடிவு இதழுக்குப் போவதற்கு முன்னால், மீன் கொடுத்த ஊரில் தமிழில் சொல்லியாக வேண்டும். க்ளியர் லேபில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்கள். இதை வெளியிடாதே என்று மீன் கொடுத்த சமூகம் சொன்னால் வெளியிடுவதில்லை. குடல் அறுக்கும்போது காதில் பாட்டு கேட்பதும் அங்கே கிடையாது. கையில் இருப்பது ஓர் உயிரின் உடல் என்பதற்காக. வேலை முடிந்து மிச்சத்தை வந்த இடத்துக்கே திருப்பிக் கொடுக்கிறார்கள். பாட்டு விஷயம் எனக்கு முதலில் கொஞ்சம் அதிகப்படியாகத்தான் பட்டது. இப்போது படவில்லை.

முடிவைச் சொல்ல ஊரில் கூட்டம் போடுகிறாய் என்றால் ஒன்று கவனி: கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம், இழுவைப் படகுகள் கரையில் நிற்கும். அப்போது போனால் ஆட்கள் இருப்பார்கள், உட்கார்ந்து பேசுவார்கள். பாடு ஏறும் பருவத்தில் போய்ப் புரொஜெக்டர் மாட்டினால் நாயும் வராது.

7. கருத்து வேறுபட்டால் கேள்வியாகக் கேள், ஆனால் கேள். "சார் சொன்னால் சரி" என்பது நம் ஊர் லேப்களில் எழுதாத முதல் விதி. பெரியவரை எல்லோர் முன்னாலும் மடக்கி ஜெயிக்க நினைக்காதே. ஜெயிப்பாய், வேலை நடக்காது. தனியாகப் போய், தரவைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த இடம் எனக்கு இடிக்குது சார்" என்று சொல். பேசி முடித்ததை அன்றே இரண்டு வரி மெயிலாக அனுப்பிவிடு. பணிவுக்குப் பணிவு, பதிவுக்குப் பதிவு. கூட்டத்தில் முதலில் பேசுவது வயதில் இளையவராக இருக்கட்டும் என்று ஒரு வழக்கம் கொண்டுவர முடிந்தால் இன்னும் நல்லது. மூத்தவர் வாய் திறந்த பிறகு இளையவர் புதிதாக ஒன்றும் சொல்ல மாட்டார்.

பெங்களூரில் ராமனின் லேபில் அன்னா மாணி வைரத்தின் ஒளிர்வை ஆராய்ந்தார். ஒரு பிளேட் பதிவாக 15, 20 மணிநேரம் ஆகும். இரவு பல லேபிலேயே போயின. 1942-க்கும் 1945-க்கும் இடையில் ஐந்து கட்டுரைகள். உழைப்பில் யாருக்கும் குறையவில்லை. ஆனால் அங்கே பெண்கள் உடன் ஆய்வு செய்த ஆண்களோடு தாராளமாகப் பேசி விவாதிக்க இடமில்லை. ஆய்வேட்டை மெட்ராஸ் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினார். முதுகலைப் பட்டம் இல்லை என்று டாக்டர் பட்டம் மறுத்துவிட்டார்கள். பிற்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் கருவிகளுக்கே அடித்தளம் போட்டவர் அவர். விஞ்ஞானத்தின்மேல் உயிராக இருந்த குழுதான் அது. யாருடைய வாய்க்கு அந்தக் காதலில் பங்கு என்ற கேள்வியை மட்டும் அங்கே யாரும் கேட்கவில்லை. உன் குழுவில் அதை யார் கேட்கிறார்கள் என்று பார்.

8. கடன் வாங்கிய ஸ்டாக் கரைசலைத் தீர்த்தால் நீயே புதிதாகக் கலந்து, தேதியும் பெயரும் எழுதி வை. தேதி இல்லாத பாட்டில், உப்புப் போட்டாயிற்றா என்று தெரியாத குழம்பு மாதிரி. அடுத்து வருகிறவர் கையும் தடுமாறும்.

9. களவு கண்டுபிடிக்கும் மென்பொருள் பாஸ் போட்டால் நேர்மை முடிந்தது என்று எண்ணாதே. 10 சதவீதம் வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை என்கிறது 2018-ஆம் ஆண்டின் யூ.ஜி.சி. விதி. வார்த்தையைப் புரட்டிப் போட்டு எண்ணைக் குறைத்துத் தரக் கடைகளும் இருக்கின்றன. அடுத்தவர் யோசனையை உன் வார்த்தையில் எழுதினால் எந்த மென்பொருளும் கத்தாது. அதற்கும் பெயர் களவுதான்.

10. "நம்ம லேப் ஒரு குடும்பம்" என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படு, கொஞ்சம் எச்சரிக்கையாகவும் இரு. ஃபெல்லோஷிப் மாதக்கணக்கில் வராமல் போகும். அப்போது மெஸ் காசுக்குக் கை கொடுப்பவர்கள் அந்தக் குடும்பத்தில்தான் இருப்பார்கள். ஒரு லேபில் பிஸ்கட் டப்பா ஒன்றில் எல்லோரும் முடிந்ததைப் போட்டு வைப்பார்கள். எடுப்பவர் பெயர் எழுத வேண்டியதில்லை, திருப்பும்போதும் எழுத வேண்டியதில்லை. பல வருடம் அது காலியாகவே இல்லை. அக்கறை என்றால் எனக்கு அந்த டப்பாதான். ஆனால் அதே குடும்பம் என்ற பேச்சை வைத்துத்தான் ஞாயிற்றுக்கிழமையும் வரச் சொல்வார்கள், காய்ச்சலோடு படகில் ஏறச் சொல்வார்கள், கைடு வீட்டுக் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறவும் கூப்பிடுவார்கள். விருப்பமிருந்தால் பரிமாறு, தப்பில்லை. மறுத்தவரின் ஃபைல் மேசையில் தூங்குகிறதா என்று மட்டும் பார். தூங்கினால் அது குடும்பம் இல்லை. அப்போது உள்ளே இருக்கும் ஒரு நம்பகமான ஆசிரியரிடம், டாக்டரல் கமிட்டியில் ஒருவரிடம் பேசு. கைடை மாற்றுவது கொலைக்குற்றம் இல்லை. விதியில் இடம் உண்டு. சகித்துக்கொண்டு முடித்தவர்களைத் தியாகி என்று நான் ஒரு காலத்தில் புகழ்ந்திருக்கிறேன். இப்போது புகழ்வதில்லை.

11. குழு தன் விதியைத் தானே மீறும் நாள் வரும். எல்லாக் குழுவுக்கும் வரும். கெடு நெருங்கும், ரிவ்யூவர் கூடுதல் சோதனை கேட்பார், ப்ளாங்க் எண்ணாமல் ஒரு தொகுதி போய்விடும். அன்று சத்தம் போட்டுச் சண்டை பிடிக்காதே. அடுத்த வாரக் கூட்டத்தில் சுவரில் இருக்கும் தாளைக் கழற்றி மேசைமேல் வை. எந்த விதி உடைந்தது, ஏன் உடைந்தது, விதி நடக்காத விதியா, நாம் சோம்பிவிட்டோமா என்று பேசட்டும். நடக்காத விதியென்றால் மாற்றி எழுதுங்கள். க்ளியர் லேபின் கையேடும் திரும்பத் திரும்பத் திருத்தி எழுதப்படுவதுதான். சில சமயம் மேசையில் வைத்தும் யாரும் பேச மாட்டார்கள், டீ குடித்துவிட்டுக் கலைந்துவிடுவார்கள். அப்போது உன் பகுதித் தரவை மட்டுமாவது நீ ஒழுங்காக வைத்துக்கொள். அந்தத் தொகுதிக்கு ப்ளாங்க் இல்லை என்று நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடு.

12. கடைசியாக, போகும்போது ஒழுங்காகப் போ. வைவா முடிந்த மறுநாளே பெட்டி கட்டாதே. ஃப்ரீசரில் உள்ள ஒவ்வொரு குப்பியையும் எடுத்து, எந்த இடம், எந்த நாள், எந்த மீன் என்று பட்டியல் போடு. அழிந்துபோகிற பேனாவில் எழுதியதை மறுபடி எழுது. கடவுச்சொற்களைக் கொடு. ஓடாத சோதனைகளையும் ஒரு கோப்பில் எழுதி வை, அடுத்தவர் அதே குழியில் விழாமல் இருக்க. உன் போன் நம்பரை ஃப்ரீசர் கதவில் ஒட்டிவிட்டு வா. இரண்டு வருடம் கழித்து வேறு ஊரில் வேறு வேலையில் நீ இருக்கும்போது, பார்த்தே இராத ஒரு பிள்ளை கூப்பிட்டு, "அக்கா, பி-3ன்னு போட்டிருக்கே, அது பழைய முகத்துவாரமா புதுசா?" என்று கேட்கும். எடுத்துப் பேசு. கையில் வேலை இருந்தால் சாயங்காலம் கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, பழைய நோட்டைப் பார்த்துவிட்டு, மறக்காமல் கூப்பிடு.